பிடிஎஃப் வேண்டாம், ஒரிஜினல் ஃபைல் கொடுங்க சார்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பழைய வட ஆற்காடு முழுக்க தோல் பதனிடும் டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் இருக்கின்றன. அவற்றுக்கு ஸ்டாக், கூலி, உற்பத்திக் கணக்கு என்று சாஃப்ட்வேர் எழுதித் தரும் பிள்ளைகள் காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் மாடி அறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த இரண்டு தரப்பும் பேசிக்கொள்ளும்போது ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: "பிடிஎஃப் வேண்டாம் சார், ஒரிஜினல் ஃபைல் கொடுங்க."

டெவலப்பர் இப்படிச் சொல்லும்போது கம்பெனிக்காரருக்கு எரிச்சலாக இருக்கும். பிடிஎஃப்பில்தான் எல்லாம் தெளிவாக இருக்கிறதே? சரி என்று எக்செல் அனுப்பினால், "சிஎஸ்வியா சேவ் பண்ணித் தாங்க" என்கிறார்கள் (கட்டங்களைக் கமாவால் பிரித்து வைக்கும் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான் சிஎஸ்வி). வேர்ட் அனுப்பினால் முகம் சுளிக்கிறார்கள். நோட்டில் எழுதியதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை.

இதில் கொஞ்சம் தொழில் வீம்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஒரு ஃபைலைப் படிக்க முடிந்தால் வாடிக்கையாளருக்குப் போதும். டெவலப்பருக்கு அந்த ஃபைலில் நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவே என்ன மாறியது என்பதையும் படிக்க வேண்டும். பிடிஎஃப், எக்செல், போட்டோ எல்லாமே முதல் வேலையை நன்றாகச் செய்கின்றன. இரண்டாவதில் கைவிரித்துவிடுகின்றன.

டேனரியையே எடுத்துக்கொள்வோம். பச்சைத் தோல், குரோம் ஏற்றிய நீல நிறத் தோலான வெட் ப்ளூ ஆவதற்குள் ஊறவைப்பது, சுண்ணாம்பு, அதை நீக்கும் டீலைமிங், உப்பும் அமிலமும் சேர்க்கும் பிக்கிள், குரோம் என்று பல கட்டங்களைத் தாண்டுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெசிபி உண்டு. சுண்ணாம்பு முடிந்து சதை நீக்கிய தோலின் எடையைப் பெல்ட் வெயிட் என்பார்கள். அதன்பிறகு டிரம்மில் போடும் கெமிக்கல்கள் அந்த எடையில் இத்தனை சதவீதம் என்றுதான் கணக்கு. டெக்னீஷியன் சதவீதம் சொல்வார், சாஃப்ட்வேர் அதைக் கிலோவாக்கி டிரம் பக்கத்தில் நிற்பவருக்குச் சீட்டு அடித்துக் கொடுக்கும். மாதிரிக்கு ஒரு ரெசிபியின் நடுப்பகுதி:

தண்ணீர், 80
உப்பு, 8
கந்தக அமிலம், 1.2
குரோம் பவுடர், 8
சோடியம் ஃபார்மேட், 1

இதில் குரோம் 8 என்பதை யாரோ 7 ஆக்கிவிட்டார்கள் என்று வையுங்கள். 2000 கிலோ பெல்ட்டுக்கு 160 கிலோ போக வேண்டிய இடத்தில் 140 கிலோ போகும். அது யோசித்து எடுத்த முடிவாக இருக்கலாம். குரோம் குறைந்தால் கழிவுநீரோடு வெளியேறுவதும் குறையும். பாலாற்றுத் தண்ணீரை டேனரிக் கழிவு கெடுத்ததற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு, இந்த ஊரில் குரோம் கணக்கை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. அல்லது அது வெறும் கைத்தவறாக இருக்கலாம். அப்படியானால் வெட் ப்ளூ துண்டைக் கொதிநீரில் போட்டுப் பார்க்கும் பாயில் டெஸ்டில் தோல் சுருங்கிக்கொண்டு நிற்கும், லாட் முழுக்கக் கேள்விக்குறியாகும். எது நடந்தாலும் மாற்றியது யார், எப்போது, எதற்காக என்று கேட்க ஆள் வருவார்கள்.

மேலே உள்ளது போல ரெசிபி வெறும் டெக்ஸ்ட் ஃபைலாக இருந்து, டெவலப்பர்கள் பயன்படுத்தும் ஃபைலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற வெர்ஷன் கன்ட்ரோல் மென்பொருளில் வைக்கப்பட்டிருந்தால், அந்த மாற்றம் இப்படித் தெரியும்:

- குரோம் பவுடர், 8
+ குரோம் பவுடர், 7

மைனஸ் போட்ட வரி போனது, பிளஸ் போட்ட வரி வந்தது. இதைப் புரிந்துகொள்ள கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டாம். டெக்னீஷியனிடம் காட்டினால் அவரே "இது தப்பு" என்றோ "ஆமா, நான்தான் சொன்னேன்" என்றோ சொல்லிவிடுவார். இதே மாற்றத்தை எக்செல் ஃபைலில் செய்து கிட்டிடம் கேட்டால், இரண்டு பைனரி ஃபைல்களும் (டெக்ஸ்டாகப் படிக்க முடியாதவை) வேறுபடுகின்றன என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும். வேறுபடுகின்றன என்பது நமக்கும் தெரியும். எங்கே, எவ்வளவு என்பதுதானே கேள்வி?

எக்செல்லுக்குள் என்னதான் இருக்கிறது

2007-ல் வந்த ஆஃபீஸிலிருந்து எக்செல், வேர்ட் இரண்டும் புது ஃபார்மட்டுக்கு மாறின. அந்த ஃபைல் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதியை ஜிப் என்று மாற்றிப் பிரித்துப் பாருங்கள், உள்ளே ஒரு குட்டி ஃபோல்டர் குடும்பமே இருக்கும். அந்த ஃபோல்டர்களுக்குள் இருப்பவை பெரும்பாலும் எக்ஸ்எம்எல் ஃபைல்கள். எக்ஸ்எம்எல் என்பதும் டெக்ஸ்ட்தான். அப்படியானால் சிக்கல் எங்கே?

முதல் சிக்கல் ஜிப். சுருக்கிய பிறகு உள்ளே ஒரே ஓர் எழுத்து மாறினாலும் வெளியே தெரியும் பைட்டுகள் அந்த இடத்திலிருந்து தாறுமாறாக மாறிவிடும். சின்ன மாற்றத்துக்குச் சின்ன வித்தியாசம் என்ற விகிதம் அங்கேயே உடைந்துபோகிறது. கிட்டுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஃபைலின் முதல் 8000 பைட்டுக்குள் மதிப்பு சுழியாக இருக்கும் ஒரு பைட்டைப் பார்த்தால் போதும், இது பைனரி என்று முத்திரை குத்தி உள்ளே போகாமல் திரும்பிவிடும். ஜிப்பில் அப்படிப்பட்ட பைட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை.

சுருக்கத்தைப் பிரித்துவிட்டால் சரியாகிவிடுமா என்றால் அதுவும் அரைகுறைதான். எக்செல் நாம் தட்டிய சொற்களை அந்தந்தக் கட்டத்தில் வைப்பதில்லை. எல்லாச் சொற்களையும் தனியாக ஒரு ஃபைலில் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு, கட்டத்தில் அந்தப் பட்டியலின் வரிசை எண்ணை மட்டும் குறிக்கிறது. குரோம் பவுடர் என்பது அங்கே வெறும் 37 என்றோ 41 என்றோதான் இருக்கும். போதாக்குறைக்குக் கடைசியாகச் சேமித்தவர் பெயர், நேரம், கர்சர் நின்ற கட்டம் எல்லாம் உள்ளே பதிவாகின்றன. ஃபைலைத் திறந்து எதையும் தொடாமல் சேமித்து மூடினாலும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே 8 எப்போது 7 ஆனது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த லாட் டிரம்மில் ஏறிவிடும்.

இடமும் ஒரு பிரச்சினை. கிட் எந்தப் பழைய வடிவத்தையும் தூக்கி எறிவதில்லை. டெக்ஸ்டாக இருந்தால் ஒன்றுக்கொன்று ஒத்த வடிவங்களைச் சேர்த்து நன்றாகச் சுருக்கிக்கொள்ளும். ஏற்கெனவே சுருக்கிய ஃபைல்களில் அந்த வித்தை பலிக்காது, ஒவ்வொரு வடிவமும் ஏறக்குறைய முழு எடையோடு உட்கார்ந்துவிடும். படங்கள் நிறைந்த 5 எம்பி வேர்ட் ஃபைலை 200 முறை திருத்தினால் கிட்டத்தட்ட ஒரு ஜிபி. அந்த ரிப்போவை, அதாவது ஃபைல்களும் அவற்றின் பழைய வடிவங்களும் சேர்ந்த களஞ்சியத்தை, புதிதாக இறக்கிக்கொள்ளும் ஒவ்வொருவரும் அத்தனையையும் சுமக்க வேண்டும், அதுவும் மொபைல் ஹாட்ஸ்பாட்டில்.

வரிக்கு வரி ஒப்பிடுவது என்ற யோசனை கிட்டுக்கு மிகவும் மூத்தது. பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் 1972-ல் எஸ்சிசிஎஸ் என்ற முதல் வெர்ஷன் கன்ட்ரோல் மென்பொருளைத் தொடங்கினார். அதே ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் இரண்டு ஃபைல்களின் வித்தியாசத்தைக் காட்டும் டிஃப் கருவியை எழுதினார். அதன் கணக்குமுறையை அவரும் ஜேம்ஸ் ஹண்ட்டும் 1976-ல் வெளியிட்டார்கள். 1985-ல் லாரி வால் எழுதிய பேட்ச் இதன் மறுபாதி. வித்தியாசத்தை மட்டும் அனுப்பினால் போதும், வாங்கியவர் தன்னிடம் உள்ள ஃபைலில் அதை ஏற்றிக்கொள்ளலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் முதல் பத்து வருடம் வளர்ந்ததே இந்த முறையில்தான். உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து யாரோ பத்து வரி வித்தியாசத்தை மின்னஞ்சலில் அனுப்புவார், லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் படித்துப் பார்த்துப் பிடித்தால் ஏற்றுக்கொள்வார். 2002-ல் அவர்கள் பிட்கீப்பர் என்ற வணிக மென்பொருளுக்கு மாறினார்கள். அதை இலவசமாகப் பயன்படுத்தும் அனுமதி 2005-ல் ரத்தானதும் டோர்வால்ட்ஸ் ஏப்ரலில் தானே உட்கார்ந்து கிட்டை எழுதத் தொடங்கினார். கருவிகள் மாறிக்கொண்டே இருந்தன. வரி வரியாக ஒப்பிடும் அந்தப் பழக்கம் மட்டும் பஞ்ச் கார்டு காலத்திலிருந்து இன்றைக்கு வரை அப்படியே வந்திருக்கிறது.

வித்தியாசம் படிக்கக் கிடைத்தால் அதன் மேல் வேறு வசதிகளைக் கட்டலாம். கிட்டில் பிளேம் என்று ஒரு கட்டளை. ஃபைலின் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயரையும் தேதியையும் எழுதிக் காட்டும். நிலம் வாங்குவதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்போமே, அதை ஃபைலின் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகப் போட்டது போல. பெயர் என்னவோ குற்றம் சாட்டுவது போல இருக்கிறது. நடைமுறையில் திட்டுவதற்கு அல்ல, யாரிடம் போய்க் காரணம் கேட்பது என்று தெரிந்துகொள்ளத்தான் அது பெரும்பாலும் பயன்படுகிறது.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை வைக்கும்போது வேறு ஒரு நன்மை தெரியும். ஆம்பூரில் இருக்கும் ஒருவர் உப்பின் அளவை மாற்றுகிறார், காட்பாடியில் இருப்பவர் ஃபைலின் கடைசியில் புதிதாக ஒரு கெமிக்கலைச் சேர்க்கிறார். இருவரும் எந்த வடிவத்திலிருந்து தொடங்கினார்களோ அதையும், இருவர் கொண்டுவந்த வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிட் இரண்டு மாற்றங்களையும் தானாகச் சேர்த்துவிடும். ஒரே வரியை இருவரும் மாற்றியிருந்தால் மட்டும் நின்று நம்மைக் கேட்கும். எக்செல் ஃபைலை கிட்டில் வைத்தால் இது கிடையாது. ஒருவருடைய ஃபைலை வைத்துக்கொண்டு மற்றவருடையதைத் தூக்கிப்போட வேண்டியதுதான். இல்லையென்றால் "நான் திறந்திருக்கேன், யாரும் தொடாதீங்க" என்று குரூப்பில் மெசேஜ் போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டும். பல கம்பெனிகள் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பைசெக்ட் என்று இன்னொன்று. ஆயிரம் மாற்றங்களுக்கு நடுவே எந்த மாற்றத்தில் கணக்கு கெட்டுப்போனது என்று பாதிபாதியாகப் பிரித்துத் தேடும், பத்துப் படியில் ஆளைக் காட்டிவிடும். ஆனால் கடைசியில் கிடைக்கும் அந்த ஒரு மாற்றம் திறந்து படிக்க முடியாத பைனரியாக இருந்தால், திருடன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்பதோடு விசாரணை நின்றுவிடும்.

டெக்ஸ்ட் என்றால் மட்டும் போதுமா

போதாது. இந்த இடத்தில்தான் டெவலப்பர்களே அடிக்கடி தடுமாறுகிறார்கள். வெப்சைட்டுக்காகச் சுருக்கிய ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் டெக்ஸ்ட்தான். ஆனால் ஐயாயிரம் வரிகளை ஒரே வரியாக நெருக்கி, மாறிகளின் பெயர்களை எல்லாம் ஒற்றை எழுத்தாக்கி வைத்திருக்கும் அதை யாரும் கையால் திருத்தப்போவதில்லை. வேர்டிலிருந்து வெப் பக்கமாகச் சேமித்த ஃபைலும் அதே ரகம்.

அப்படியானால் எது மூலம்? இதற்கு நான் பார்த்தவரை மிகச் சரியான பதில் ஒரு சட்ட ஆவணத்தில் இருக்கிறது. 1991-ல் வெளியான, திறந்த மென்பொருளுக்கான ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, ஒரு படைப்பில் மாற்றம் செய்வதற்கு எந்த வடிவத்தை விரும்பி எடுப்பார்களோ அதுவே அதன் மூலம் என்று வரையறுக்கிறது. எந்த மொழி, எந்த ஃபார்மட் என்றெல்லாம் அது பேசவில்லை. மாற்ற வேண்டும் என்று வரும்போது உங்கள் கை எந்த ஃபைலுக்குப் போகிறதோ அதைக் கேட்கிறது.

இந்த வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு இன்ஜினியரிங் கல்லூரிக் கடைசி வருட புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பாருங்கள். காட்பாடியில் விஐடி, பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கழகம், சுற்றிலும் இன்னும் பல கல்லூரிகள் இருக்கிற ஊர் இது. வருடா வருடம் மாணவர்களின் லேப்டாப்புகளில் ஃபைனல், ஃபைனல் 2, ஃபைனல் கரெக்டட், சார் பார்த்தது என்று ஃபைல்கள் குட்டி போடும். ரிப்போர்ட்டின் உள்ளே ஃப்ளோ சார்ட் இருக்கும். எங்கோ வரைந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேர்டில் ஒட்டியிருப்பார்கள். வழிகாட்டும் ஆசிரியர் ஒரு கட்டத்தின் பெயரை மாற்றச் சொன்னால் அந்தப் படத்தை வரைந்த ஃபைல் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதை வரைந்த பையன் லீவில் ஊருக்குப் போயிருப்பான். கடைசியில் பழைய எழுத்தின் மேல் வெள்ளைக் கட்டம் வைத்து மூடிப் புதுப் பெயரை எழுதுவார்கள். பிரிண்ட்டில் பார்த்தால் தெரியவே தெரியாது, அந்தக் கைவண்ணத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

அதே படத்தை கிராஃப்விஸ் மாதிரியான கருவியில் எழுதியிருந்தால் அதன் மூலம் நாலைந்து வரி டெக்ஸ்ட். எடை போடுவது என்ற கட்டத்திலிருந்து கெமிக்கல் கணக்கு என்ற கட்டத்துக்கு ஓர் அம்பு, அவ்வளவுதான். கட்டங்களை எங்கே வைப்பது, அம்பை எப்படி வளைப்பது என்பதைக் கருவி பார்த்துக்கொள்ளும். பெயர் மாற வேண்டுமானால் ஒரு சொல்லைத் திருத்திவிட்டுப் படத்தை மறுபடி உருவாக்கலாம். அழகில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டிவரும், ஒப்புக்கொள்கிறேன். கருவி வரைந்த படம் சில நேரம் சிலந்தி வலை மாதிரி வரும். ஆனால் ஆறு மாதம் கழித்து வேறொருவர் கையில் திருத்தக் கிடைப்பது அதுதான்.

கோடுகளையும் வடிவங்களையும் டெக்ஸ்டாக எழுதி வைக்கும் எஸ்விஜி படங்களிலும் இந்த விளையாட்டு உண்டு. எஸ்விஜி டெக்ஸ்ட் ஃபார்மட் என்பதால் டிசைனரிடம் அதைக் கேட்டு வாங்குவார்கள். அவரோ ஃபாண்ட் சிக்கல் வராமல் இருக்க எழுத்துகளை எல்லாம் வளைகோடுகளாக மாற்றிவிட்டு அனுப்புவார். திறந்தால் பக்கம் பக்கமாக எண்கள். ஃபார்மட் சொன்னபடி வந்துவிட்டது, திருத்தத்தான் வழியில்லை.

படிக்க முடியாத இடத்தில் ஒளிந்தது

இது வசதிக் குறைவு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு 2024-ல் நடந்ததைச் சொல்ல வேண்டும். லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் யாரோ திட்டமிட்டு, அனுமதியில்லாமல் உள்ளே நுழைய ஒரு பின்வாசல் வைத்திருந்தார்கள். அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட். மைக்ரோசாஃப்டில் வேலை செய்யும், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் டெவலப்பர். தொலைவிலிருந்து லாகின் ஆவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக எடுக்கிறதே என்று தோண்டப்போய், மார்ச் 29 அன்று உலகத்துக்கு அறிவித்தார். அரை நொடியைச் சும்மா விடாத மனிதர்.

அந்தக் கள்ளச் சரக்கு ஒளிந்திருந்த இடத்தைக் கவனியுங்கள். பெரும்பகுதி, சோதனைக்காக என்று சொல்லி ரிப்போவில் சேர்த்த சுருக்கப்பட்ட பைனரி ஃபைல்களுக்குள் இருந்தது. சுருக்க மென்பொருளுக்குச் சோதனை ஃபைல்கள் தேவைதான், அவற்றில் வேண்டுமென்றே கெட்டுப்போன ஃபைல்களும் இருப்பது வழக்கம்தான். கெட்டுப்போனது என்று பெயரிட்ட ஒரு பைனரியைத் திறந்து அர்த்தம் தேடுவது யார்? ரிவ்யூ செய்பவருக்குத் திரையில் தெரிவது பைனரி ஃபைல் சேர்ந்தது என்ற ஒரு வரி. அந்தச் சரக்கை எழுப்பிவிடும் ஸ்கிரிப்ட் டெக்ஸ்டாகத்தான் இருந்தது. ஆனால் அது கிட் ரிப்போவில் இல்லை, தனியாக வெளியிட்ட டவுன்லோடு பொட்டலத்தில் மட்டும் இருந்தது. ஆக, வெர்ஷன் கன்ட்ரோலுக்குள் இருந்த பகுதியைப் படிக்க முடியாது, படிக்க முடிந்த பகுதி வெர்ஷன் கன்ட்ரோலுக்குள் இல்லை. பல கண்கள் பார்க்கும் திறந்த மென்பொருளில் அந்தக் கண்கள் படாத இரண்டே இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

தமிழுக்கென்று சில தொல்லைகள்

டெக்ஸ்ட் என்றால் ஆங்கிலம் என்று நினைத்துச் செய்த கருவிகள் இவை. தமிழ் ஃபைலை வைத்துப் பழகும்போது சில இடங்களில் இடிக்கும்.

பாமினி மாதிரியான பழைய ஃபாண்ட்டுகளில் அடித்த ஃபைல் திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும். தமிழ் என்பது அங்கே மேலே பூசிய சாயம் மட்டும். அதை கிட்டில் போட்டால் டிஃப் முழுக்க ஆங்கில எழுத்துக் குவியலாக வரும், திருத்தியவருக்கே தன் திருத்தம் புரியாது. டிடிபி சென்டரில் அடித்து வாங்கிய தமிழ் டெக்ஸ்டைச் சாஃப்ட்வேருக்குள் சேர்ப்பதானால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

யூனிகோடு என்றாலும் எந்த யூனிகோடு என்று பார்க்க வேண்டும். பழைய விண்டோஸ் நோட்பேடில் சேமிக்கும்போது யூனிகோடு என்று ஒரு தேர்வு இருந்தது. அது யூடிஎஃப்-16. அதில் ஒவ்வோர் இடைவெளிக்கும் வரி முடிவுக்கும் ஒரு சுழி பைட் கூட வரும். முன்னே சொன்ன 8000 பைட் சோதனையில் மாட்டிக்கொண்டு, சுத்தமான தமிழ்க் கட்டுரை பைனரி என்று முத்திரை வாங்கிவிடும். யூடிஎஃப்-8 என்று சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது இன்னும் வேடிக்கை. வேலூர்க் கோட்டை என்று எழுதுகிறோம். கோட்டை என்ற சொல்லில் உள்ள 'கோ'வை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது முன்னால் ஓர் ஏகாரக் குறி, பின்னால் ஒரு கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். திரையில் மயிரிழை வித்தியாசம் தெரியாது. பைட் கணக்கில் முதலாவது 18, இரண்டாவது 21. ஒருவருடைய கீபோர்டு ஒரு விதமாகவும் மற்றவருடையது வேறு விதமாகவும் அடித்தால், டிஃப்பில் மைனஸ் வரியும் பிளஸ் வரியும் அச்சு அசலாக ஒரே மாதிரி நிற்கும். எது மாறியது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்ப்போம். குழு முழுக்க ஒரே வடிவம் என்று முடிவு செய்து, சேமிக்கும் முன் மாற்றிவிடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்தால் கிட் அதை எண்களும் சாய்கோடுகளுமாகக் காட்டும். கோர் கோட்பாத் (core.quotepath) என்ற அமைப்பை ஆஃப் செய்தால் தமிழ் தெரியும். நிறையப் பேர் இது தெரியாமலே தமிழ்ப் பெயர் வைப்பதைக் கைவிட்டிருக்கிறார்கள்.

அப்புறம், கட்டுரை எழுதுபவர்களுக்கு ஒன்று. டிஃப் வரி வரியாகத்தான் பார்க்கிறது. ஒரு பத்தி முழுவதையும் ஒரே வரியாக அடித்தால், ஒரு சொல் மாறினாலும் பத்தி முழுக்க மாறியதாகக் காட்டும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று உடைத்து எழுதினால் திருத்தம் பளிச்சென்று தெரியும். பிரையன் கெர்னிகன் 1970-களிலேயே யூனிக்ஸ் பயனர்களுக்கு இந்தப் பழக்கத்தைச் சிபாரிசு செய்திருக்கிறார். மார்க்டவுன், லாடெக் போன்ற டெக்ஸ்ட் முறைகளில் எழுதும்போது வெளியீட்டில் வரிகள் சேர்ந்துகொள்ளும், ஆகவே வாசகருக்கு இது தெரியவே தெரியாது.

எல்லாவற்றையும் டெக்ஸ்ட் ஆக்க முடியாது

தோலில் உள்ள தழும்பு, பூச்சிக்கடி, கத்திக் காயங்களைக் கேமராவில் பார்த்துத் தரம் பிரிக்கும் மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அதற்குத் தோல்களின் போட்டோக்கள் வேண்டும். அந்தப் போட்டோதான் மூலம், அதற்குப் பின்னால் வேறெந்த டெக்ஸ்ட்டும் கிடையாது. இப்படிப்பட்ட பெரிய ஃபைல்களுக்காக 2015-ல் கிட் எல்எஃப்எஸ் வந்தது. போட்டோவை வேறு இடத்தில் வைத்துவிட்டு, ரிப்போவில் அதற்குப் பதிலாக மூன்று வரி டெக்ஸ்டை வைக்கிறது. எந்த முறை, உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற ஒரு நீண்ட எண், எத்தனை பைட். போட்டோ மாறியதா இல்லையா என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. என்ன மாறியது என்பதற்கு இங்கேயும் பதில் இல்லை, மாற்றியவர் எழுதும் குறிப்பை நம்ப வேண்டியதுதான். அதனால்தான் எந்தத் தோலில் எந்த இடத்தில் என்ன குறை என்ற விவரத்தைப் போட்டோவின் மேல் வட்டம் போட்டு வைக்காமல் தனியாக ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதச் சொல்கிறார்கள்.

எக்செல் விஷயத்தில் நான் டெவலப்பர்கள் பக்கம் முழுசாக நிற்க மாட்டேன். முப்பது வருடம் டிரம் பக்கத்தில் நின்ற டெக்னீஷியனிடம் போய் கிட் கற்றுக்கொள்ளுங்கள் என்பது வீண் வேலை. அவருக்குக் கட்டங்கள் வேண்டும், கூட்டல் தானாக வர வேண்டும், நிறம் பூச வேண்டும். எக்செல் அதைத் தருகிறது. அவர் அதிலேயே இருக்கட்டும். அவர் சேமித்ததும் அதிலிருந்து சிஎஸ்வியை எடுத்து, அந்த சிஎஸ்வியை மட்டும் கிட்டில் வைப்பது டெவலப்பர் செய்துகொடுக்கக்கூடிய காரியம். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்: இரண்டில் எது ஒரிஜினல்? டெக்னீஷியன் எக்செல்லையும் டெவலப்பர் சிஎஸ்வியையும் ஆளுக்கொரு பக்கம் திருத்தினால், எந்த ரெசிபி டிரம்மில் போனது என்று சொல்ல ஆளிருக்காது.

சிஎஸ்வியைத் திரும்ப எக்செல்லில் திறக்கும்போது இன்னொரு வில்லங்கம் காத்திருக்கிறது. லாட் நம்பரை 12/3 என்று எழுதியிருந்தால் எக்செல் அதை மார்ச் 12 என்று தேதியாக்கிவிடும். நிலத்தின் சர்வே எண்ணுக்கும் இதே கதிதான். 007 என்ற கோட் நம்பர் வெறும் 7 ஆகும். இது யாரும் கேட்காமல் நடக்கிற மாற்றம், எக்செல் திரையில் பார்த்தால் சட்டென்று கண்ணில் படாது. டிஃப்பில் மட்டும் நூறு மைனஸ், நூறு பிளஸ் என்று வரிசைகட்டி நிற்கும்.

அந்த டிஃப்பை டெவலப்பர் மட்டும் பார்த்தால் போதாது, ஏனென்றால் குரோம் 7 சரியா தவறா என்று சொல்ல அவருக்குத் தெரியாது. டெக்ஸ்டாக இருப்பதால் இதற்கும் சுலபமான வழி இருக்கிறது. தினமும் சாயங்காலம் சிஎஸ்வியில் மாறிய வரிகளை மட்டும் எடுத்து, "வெட் ப்ளூ ரெசிபி, குரோம் பவுடர், 8 இருந்தது, 7 ஆகியிருக்கிறது" என்று தமிழில் ஒரு வரியாக்கி டெக்னீஷியனின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சின்ன ஸ்கிரிப்ட் போதும். அவர் சரி என்று பதில் போட்ட பிறகுதான் அடுத்த நாள் சீட்டில் புது அளவு ஏறும்.